ஆய்வகத்தில் உங்கள் ரத்தத்தைப் பரிசோதிப்பவர் யார்? படிப்பு, சான்று, உரிமம் பற்றி ஓர் எளிய விளக்கம்

மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் காலை ஏழு மணிக்கு ஒரு ரத்த மாதிரி கருவியில் ஏற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களில் திரையில் எண்கள் வந்து நிற்கின்றன: பொட்டாசியம் லிட்டருக்கு 8.6 மில்லிமோல், கால்சியம் டெசிலிட்டருக்கு 4.9 மில்லிகிராம். பொட்டாசியம் ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை இருப்பதுதான் இயல்பு, 8.6 என்பது இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடிய அளவு. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. குழாயில் இருந்ததை அது சரியாகவே அளந்திருக்கிறது. அனுபவமற்ற ஒருவர் இந்த எண்ணை அப்படியே வெளியிட்டால், அவசரமாகப் பொட்டாசியத்தைக் குறைக்கும் சிகிச்சை தொடங்கிவிடும். நோயாளியின் உண்மையான பொட்டாசியம் 4 தான் என்றால், அந்தச் சிகிச்சையே அவர் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

முறையாகப் பயின்றவர் பொட்டாசியத்தை மட்டும் பார்ப்பதில்லை. அது இவ்வளவு ஏறியிருக்கும்போது கால்சியம் ஏன் இவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்கிறார். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியின் அளவும் விழுந்திருப்பதைக் கவனிக்கிறார். உடனே அவர் நினைவுக்கு வருவது ஊதா மூடிக் குழாய். ரத்த அணுக்களை எண்ணுவதற்கான அந்தக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பு பூசப்பட்டிருக்கும். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நொதிக்குத் தேவையான உலோக அயனிகளையும் பறித்துக்கொள்ளும், தன்னிடமுள்ள பொட்டாசியத்தை மாதிரியில் கலந்துவிடும். வேதியியல் பரிசோதனைகளுக்கான மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதாக் குழாயிலிருந்து சிறிது ஊற்றி நிரப்பியிருக்க வேண்டும் என்று அவர் ஊகிக்கிறார். முடிவை வெளியிடாமல் நிறுத்திவைத்து, வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, புதிதாக ரத்தம் எடுத்து அனுப்பும்படி கேட்கிறார். இரண்டாவது மாதிரியில் எல்லா எண்களும் இயல்பாக இருக்கின்றன.

இந்த அறிவு கருவிக்குள் இல்லை. கருவியின் முன்னால் நிற்பவரிடம் இருக்கிறது. அது அவரிடம் உண்மையாகவே இருக்கிறது என்பதை நோயாளியால் சோதித்துப் பார்க்க முடியாது. மருத்துவரை நேரில் பார்க்கிறோம், பேசுகிறோம், பிடிக்காவிட்டால் வேறொருவரிடம் போகிறோம். ஆய்வகத்தில் இருப்பவரின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. அவருடைய தகுதியைச் சட்டமும் தொழில் அமைப்புகளும்தான் நமக்காகச் சோதித்து வைக்க வேண்டும். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்காவை எடுத்துக்காட்டாக வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்நாட்டில் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்துவிட்டு அங்கே வேலைக்கு முயலும் இளைஞர்கள் பலர் இருப்பதும், அந்நாட்டு ஏற்பாடு பல அடுக்குகளாக இருப்பதால் அவர்கள் குழம்புவதும் அந்நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள்.

ஒன்றுபோல் தோன்றும் மூன்று

படிப்பு, சான்று, உரிமம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் ஊரில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாட முடியாது; பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். ஆய்வகத் துறையிலும் அதே போன்ற அடுக்குகள் உள்ளன. பட்டம் என்பது இன்னின்ன பாடங்களை இத்தனை ஆண்டுகள் படித்தார் என்று கல்லூரி தருவது. சான்று என்பது அந்தத் தொழிலைச் சேர்ந்த ஓர் அமைப்பு தேர்வு வைத்து, தொழிலில் நுழையத் தேவையான அறிவு இவரிடம் இருக்கிறது என்று உறுதி சொல்வது. அந்த அமைப்பு அரசு அல்ல. உரிமம் என்பது, இந்த எல்லைக்குள் இந்த வேலையைச் செய்ய இவருக்கு அனுமதி உண்டு என்று அரசு தருவது. அது இல்லாமல் அந்த வேலையைச் செய்தால் சட்ட மீறல்.

அமெரிக்காவில் பட்டம் பெரும்பாலான இடங்களில் தேவைப்படுகிறது, சான்றைப் பெரும்பாலான மருத்துவமனைகள் கேட்கின்றன, உரிமத்தைச் சில மாநிலங்கள் மட்டுமே கேட்கின்றன. இவற்றுக்கெல்லாம் அடியில், நாடு முழுமைக்கும் பொதுவாக, 'க்ளியா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்தியச் சட்டம் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

க்ளியா: எல்லாவற்றுக்கும் அடித்தளம்

மருத்துவ ஆய்வகங்களுக்கான முதல் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் 1967-இல் வந்தது. ஆனால் அது மாநில எல்லையைத் தாண்டி மாதிரிகளை வாங்கிப் பரிசோதிக்கும் ஆய்வகங்களையே பெரிதும் கட்டுப்படுத்தியது. 1987-இல் வால்ட் போக்டனிச் என்னும் செய்தியாளர் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழில் எழுதிய கட்டுரைத் தொடர் ஆய்வகங்களின் நிலையை நாட்டுக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிவதற்கான 'பாப்' பரிசோதனையில், கண்ணாடி வில்லைகளை நுண்ணோக்கியில் பார்ப்பவர்களுக்குச் சில ஆய்வகங்கள் வில்லைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தன. அவர்கள் ஒரு நாளில் எத்தனை வில்லைகள் பார்க்கிறார்கள் என்பதற்கு வரம்பே இல்லை. களைத்த கண்கள் தவறவிட்ட ஒவ்வொரு புற்றணுவும் ஒரு பெண்ணின் உயிர். மக்களின் கோபம் நாடாளுமன்றத்தை எட்டியது. 1988 அக்டோபரில் புதிய க்ளியா சட்டமானது, அதன் விரிவான விதிகள் 1992-இல் வெளிவந்து நடைமுறைக்கு வந்தன.

அந்தச் சட்டத்தில் இன்றும் ஒரு விதி இருக்கிறது: பாப் வில்லைகளைப் பார்ப்பவர் 24 மணி நேரத்தில் 100 வில்லைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது, அந்த 100-ஐயும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவான பொழுதில் பார்த்து முடிக்கக் கூடாது. இது ஆய்வகத்துக்கு மட்டுமான வரம்பு அல்ல, ஆளுக்கான வரம்பு. ஒருவர் இரண்டு ஆய்வகங்களில் வேலை பார்த்தாலும் இரண்டிலும் சேர்த்து 100 தான். ஒரு மனிதக் கண்ணின் களைப்பைச் சட்டம் எண்ணால் எழுதி வைத்திருக்கிறது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் மரியாதை கூடுகிறது.

க்ளியாவின் மையக் கருத்து எளிமையானது. இந்தப் பணியாளர் இன்ன படிப்புப் படித்திருக்க வேண்டும் என்று அது எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. பரிசோதனை எவ்வளவு சிக்கலானது என்று முதலில் கேட்கிறது. சிக்கலுக்கு ஏற்றபடி தகுதி உயர்கிறது. மூன்று நிலைகள் உள்ளன.

முதல் நிலை 'விலக்களிக்கப்பட்ட' பரிசோதனைகள். விரலில் ஒரு துளி எடுத்துப் பார்க்கும் சர்க்கரைக் கருவி, சிறுநீரில் பட்டையைத் தோய்த்துப் பார்ப்பது, கர்ப்பப் பரிசோதனை போன்றவை இதில் அடங்கும். இவற்றைச் செய்பவருக்கு மத்தியச் சட்டம் எந்தப் படிப்பையும் விதிக்கவில்லை. ஆய்வகம் அதற்குரிய சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், கருவியைத் தயாரித்தவரின் வழிமுறையை அப்படியே பின்பற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு மேல் உள்ளவை 'மிதமான சிக்கல்', 'உயர் சிக்கல்' என்று இரண்டாகப் பிரிகின்றன. இந்தப் பிரிவினை எப்படிச் செய்யப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு பரிசோதனையை ஏழு கேள்விகளால் அளக்கிறார்கள்: அதற்கு எவ்வளவு அறிவு தேவை, எவ்வளவு பயிற்சியும் அனுபவமும் தேவை, வேதிப்பொருள்களைத் தயாரிப்பது எவ்வளவு கடினம், செய்முறைப் படிகள் எத்தகையவை, தரக்கட்டுப்பாட்டுப் பொருள்கள் கிடைக்கின்றனவா, கோளாறு வந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்வது எவ்வளவு கடினம், முடிவைப் புரிந்துகொள்ள எவ்வளவு ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 12-க்குள் இருந்தால் அது மிதமானது. அதைத் தாண்டினால் உயர் சிக்கல்.

தானியங்கிக் கருவியில் செய்யும் ரத்த அணு எண்ணிக்கையும் வழக்கமான வேதியியல் பரிசோதனைகளும் பெரும்பாலும் மிதமானவை. இவற்றைச் செய்ய மத்தியச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி பள்ளி இறுதிப் படிப்பும், அந்தப் பரிசோதனையில் பயிற்சி பெற்றதற்கான ஆவணமும் மட்டுமே. இதைக் கேட்டு வியப்பவர்கள் உண்டு, வியக்க வேண்டியதுதான். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பொட்டாசியம் இந்த வகையில்தான் வரும். குறைந்தபட்சத் தகுதி இவ்வளவு தாழ்வாக இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. நல்ல மருத்துவமனைகள் இந்தக் குறைந்தபட்சத்தோடு நிற்பதில்லை. அவை எப்போதும் அதற்கு மேல்தான் கேட்கின்றன.

ரத்தம் ஏற்றுவதற்கு முன் செய்யும் பொருத்தப் பரிசோதனை, கிருமிகளை வளர்த்து அடையாளம் காண்பது, பல மூலக்கூறு ஆய்வுகள் ஆகியவை உயர் சிக்கலானவை. இவற்றுக்கு ஆய்வகத் தொழில்நுட்பத்தில் குறைந்தது இரண்டாண்டு 'அசோசியேட்' பட்டம் வேண்டும், அல்லது அதற்கு இணையாகக் கல்லூரியில் 60 செமஸ்டர் மணிகள் படித்து, அவற்றில் 24 மணிகள் வேதியியல், உயிரியல், ஆய்வகப் பாடங்களில் இருந்து, ஆய்வகப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். செமஸ்டர் மணி என்றால் ஒரு பாடத்துக்கு வாரத்துக்கு இத்தனை வகுப்பு மணி என்று பருவம் முழுவதற்கும் கணக்கிடும் அலகு. பாடம் ஒன்றுக்குப் பொதுவாக மூன்று அல்லது நான்கு மணிகள் இருக்கும்.

பரிசோதிப்பவருக்கு மேலே மேற்பார்வையாளர்கள், ஆலோசகர்கள், எல்லோருக்கும் மேலே ஆய்வக இயக்குநர் என்று ஒரு வரிசையையும் க்ளியா வகுத்துள்ளது. உயர் சிக்கல் ஆய்வகத்தின் இயக்குநர் உரிமம் பெற்ற மருத்துவராகவோ, உரிய அறிவியலில் முனைவர் பட்டமும் வாரியச் சான்றும் பெற்றவராகவோ இருந்து, குறித்த அனுபவத்தையும் பெற்றிருக்க வேண்டும். ஆய்வகத்தில் நிகழும் தவறுக்குச் சட்டத்தின் முன் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

டெக்னீசியன் வேறு, டெக்னாலஜிஸ்ட் வேறு

அமெரிக்க ஆய்வகத்தில் இருபெரும் பணிநிலைகள் உண்டு. இரண்டாண்டு அசோசியேட் பட்டம் பெற்றவர் 'மெடிக்கல் லேபரட்டரி டெக்னீசியன்', சுருக்கமாக எம்.எல்.டி. நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர் 'மெடிக்கல் லேபரட்டரி சயன்டிஸ்ட்', சுருக்கமாக எம்.எல்.எஸ். இவரைக் கலிஃபோர்னியாவில் 'கிளினிக்கல் லேபரட்டரி சயன்டிஸ்ட்' என்றும் பழைய வழக்கில் 'மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்' என்றும் சொல்வார்கள். டெக்னீசியன் வகுத்துக் கொடுத்த முறைப்படி பரிசோதனை செய்கிறார். சயன்டிஸ்ட் அதோடு கோளாறுகளை ஆராய்கிறார், புதிய முறைகளைச் சரிபார்த்து நடைமுறைக்குக் கொண்டுவருகிறார், மற்றவர்களை மேற்பார்வையிடுகிறார்.

நம் மாணவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. எம்.எல்.டி. என்றால் கடைசி எழுத்து 'டெக்னாலஜி'யைக் குறிக்கும். அது பட்டப் படிப்பு. அமெரிக்காவில் எம்.எல்.டி. என்றால் இரண்டாண்டு படித்த டெக்னீசியன். விண்ணப்பத்தில் வெறுமனே எம்.எல்.டி. என்று எழுதினால், பட்டதாரி தன்னைத் தானே ஒரு படி கீழே இறக்கி அறிமுகம் செய்துகொண்டதாக ஆகிவிடும். படிப்பின் முழுப் பெயரையும் ஆண்டுக் கணக்கையும் விரித்தே எழுத வேண்டும்.

நான்காண்டுப் படிப்பின் பெரும்பகுதி வேதியியல், உயிரியல், கணிதம், புள்ளியியல் முதலியவற்றில் கழியும். கடைசிக் கட்டம் மருத்துவமனை ஆய்வகத்தில்: ரத்தவியல், வேதியியல், நுண்ணுயிரியல், ரத்த வங்கி, எதிர்ப்பாற்றலியல், சிறுநீர் மற்றும் பிற உடல் திரவங்கள் என்று பகுதி பகுதியாகச் சுழன்று கற்க வேண்டும். வேறு அறிவியலில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் இந்தப் பயிற்சியை மட்டும் தனியாக ஏறத்தாழ ஓராண்டு பெற்றுத் துறைக்கு மாறுவதும் உண்டு. இத்தகைய படிப்புகளை ஆராய்ந்து அங்கீகரிப்பதற்காக 'நேக்கில்ஸ்' என்று அழைக்கப்படும் அமைப்பு 1973 முதல் இயங்குகிறது. அந்த அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவருக்கு அடுத்த படியான சான்றுத் தேர்வுக்கான வழி நேராகத் திறக்கிறது.

சான்றுத் தேர்வு

சான்று வழங்கும் அமைப்புகளில் மிகப் பரவலாக அறியப்பட்டது ஏ.எஸ்.சி.பி. என்னும் அமெரிக்க மருத்துவ நோய்க்குறியியல் சங்கத்தின் சான்று வாரியம். சங்கம் 1922-இல் தோன்றியது. ஆய்வகப் பணியாளர்களுக்குப் பதிவேடு ஒன்றை அது 1928-இலேயே தொடங்கிவிட்டது. அரசு கேட்பதற்கு வெகுகாலம் முன்பே தொழில் தன்னைத் தானே ஒழுங்குபடுத்த முயன்றதற்கு அது சாட்சி. ஏ.எம்.டி. என்று வேறோர் அமைப்பும் 1939 முதல் சான்று வழங்கிவருகிறது.

ஏ.எஸ்.சி.பி.யின் எம்.எல்.எஸ். தேர்வில் 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம். ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் கணினி அடுத்ததைக் கடினமாக்கும், தவறினால் எளிதாக்கும். ஆகவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வரும் கேள்விகள் உங்களுக்கு வராது. 999 வரை செல்லும் அளவுகோலில் 400 எடுத்தால் தேர்ச்சி. ரத்த வங்கி, வேதியியல், ரத்தவியல், நுண்ணுயிரியல் ஆகிய நான்கும் தேர்வின் பெரும்பகுதியை நிரப்புகின்றன. சான்று வாழ்நாள் முழுவதும் நீடிப்பதில்லை. மூன்றாண்டுக்கு ஒரு முறை தொடர்கல்வி மதிப்புப் புள்ளிகளைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு வெளியே படித்தவர்களுக்கென்று அதே வாரியம் பன்னாட்டுச் சான்று ஒன்றையும் வழங்குகிறது. ஆனால் பன்னாட்டுச் சான்று வேறு, அமெரிக்கச் சான்று வேறு. எந்த மருத்துவமனை, எந்த மாநிலம் எதை ஏற்கும் என்பதைக் கட்டணம் கட்டும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உரிமம்: மாநிலத்துக்கு மாநிலம் வேறு

டெக்சாஸில் ஆய்வகப் பணியாளருக்கு மாநில உரிமம் கிடையாது. டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ பட்டமும் சான்றும் இருந்தால் மருத்துவமனை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதே ஆள் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தால், கலிஃபோர்னிய உரிமம் கைக்கு வரும்வரை அந்த வேலையைச் செய்ய முடியாது. நியூயார்க், ஃபுளோரிடா, லூசியானா, நெவாடா ஆகியவையும் உரிமம் கேட்கும் மாநிலங்கள்.

இவற்றில் கலிஃபோர்னியாவின் விதிகள் மிகக் கண்டிப்பானவை என்று பெயர் பெற்றவை. அங்கே சயன்டிஸ்ட் உரிமம் பெற இளநிலைப் பட்டம் மட்டும் போதாது. பட்டத்துக்குள் என்னென்ன படித்தார் என்று மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை பிரித்துப் பார்க்கும். வேதியியலில் 16 செமஸ்டர் மணிகள், அவற்றுள் பகுப்பாய்வு வேதியியலும் உயிர்வேதியியலும் இருக்க வேண்டும். உயிரியலில் 18 மணிகள், அவற்றுள் ரத்தவியல், எதிர்ப்பாற்றலியல், மருத்துவ நுண்ணுயிரியல் இருக்க வேண்டும். இயற்பியலில் 3 மணிகள், அதுவும் ஒளியும் மின்சாரமும் பற்றியதாக இருக்க வேண்டும்.

ஆய்வகக்காரருக்கு ஒளியும் மின்சாரமும் எதற்கு என்று மாணவர்கள் முணுமுணுப்பார்கள். ரத்தத்திலுள்ள சர்க்கரையை அளக்கும் கருவி, நிறம் மாறிய கரைசல் ஒன்றின் வழியே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்பதைக் கொண்டுதான் சர்க்கரையைக் கணக்கிடுகிறது. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளக்கும் மின்முனை, மின்னழுத்த வேறுபாட்டைத்தான் எண்ணாக மாற்றுகிறது. மாதிரியில் கொழுப்பு மிகுந்து பால்போல் கலங்கியிருந்தால் ஒளி சிதறி முடிவு பிழைபடும் என்பதை ஒளியியல் தெரிந்தவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்த 3 மணிகளை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

பாடங்கள் சரியாக இருந்தால், அடுத்தது மாநிலம் ஒப்புதல் அளித்த ஆய்வகத்தில் ஓராண்டுப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் சேர்வதற்கே பயிற்சிநிலை உரிமம் ஒன்றைத் தனியாகப் பெற வேண்டும். பயிற்சி இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் மிகுதி; இந்த இடத்தில்தான் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பயிற்சி முடிந்து தேர்வில் தேறினால் உரிமம். அதன் பிறகும் இரண்டாண்டுக்கு ஒரு முறை 24 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஒரே ஒரு பிரிவில் மட்டும், எடுத்துக்காட்டாக நுண்ணுயிரியலில் மட்டும், வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு வரையறுக்கப்பட்ட உரிமமும் உண்டு.

நியூயார்க்கில் இந்த உரிமம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே அதைத் தருவது சுகாதாரத் துறை அல்ல, மாநிலக் கல்வித் துறை. மருத்துவர், செவிலியர் உரிமங்களும் அதே துறையிடம்தான் இருக்கின்றன.

ரத்தம் எடுப்பவருக்கு உரிமம் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. கலிஃபோர்னியா, லூசியானா, நெவாடா, வாஷிங்டன் ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டுமே வேண்டும் என்கின்றன. கலிஃபோர்னியாவில் நரம்பிலிருந்து ரத்தம் எடுக்க விரும்புகிறவர் வகுப்பில் 40 மணி நேரம், செய்முறையில் 40 மணி நேரம் பயின்று, குறைந்தது 50 முறை நரம்பிலும் 10 முறை விரல் நுனி போன்ற இடங்களிலும் மேற்பார்வையில் ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். தேர்வும் எழுத வேண்டும். ஊதாக் குழாயிலிருந்து மஞ்சள் குழாய்க்கு ஊற்றக் கூடாது என்பதும், குழாய்களை எந்த வரிசையில் நிரப்ப வேண்டும் என்பதும் அந்த 40 மணி நேர வகுப்பில் கற்பிக்கப்படுபவை. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது: ரத்தம் எடுப்பவருக்கு மாநில அனுமதி தேவை, அதே ரத்தத்தைப் பரிசோதிப்பவருக்கு மாநில உரிமம் கிடையாது. இரண்டு வேலைகளில் எதில் தவறினாலும் நோயாளிக்கு நேரும் கேடு ஒன்றுதான். இரண்டுக்கும் உரிமம் இருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

வேலையில் சேர்ந்த பின்னும் முடிவதில்லை

பட்டம், சான்று, உரிமம் மூன்றையும் பெற்றவரைக்கூட க்ளியா அப்படியே நம்பிவிடுவதில்லை. பரிசோதனை செய்யும் ஒவ்வொருவரின் திறனையும் ஆய்வகம் முதல் ஆண்டில் இருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் மதிப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். அவர் பரிசோதிப்பதை மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், கருவியைப் பராமரிப்பதையும் நேரில் பார்க்க வேண்டும், முடிவுகளைப் பதிந்து அறிவிக்கும் முறையைக் கண்காணிக்க வேண்டும், தரக்கட்டுப்பாட்டுப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். விடை ஏற்கெனவே தெரிந்த மாதிரி ஒன்றைக் கொடுத்து அவர் என்ன விடை தருகிறார் என்று பார்க்க வேண்டும். இறுதியாக, சிக்கலான ஒரு நிலையைச் சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். பொட்டாசியம் 8.6, கால்சியம் 4.9 என்பது அப்படிக் கேட்பதற்கு மிகப் பொருத்தமான கேள்வி.

நம் ஊரில்

தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் இரண்டாண்டு டி.எம்.எல்.டி. பட்டயப் படிப்பிலோ பி.எஸ்சி. எம்.எல்.டி. பட்டப் படிப்பிலோ சேர்கிறார்கள். பட்டப் படிப்பு பெரும்பாலும் மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. அரசு மருத்துவமனைகளுக்கான லேப் டெக்னீசியன்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது.

படிப்பு நெடுங்காலமாக இருந்தும், இந்தியா முழுமைக்கும் பொதுவான பதிவு இந்தத் தொழிலுக்கு இல்லாமலே இருந்தது. மருத்துவருக்குக் கவுன்சில் இருந்தது, செவிலியருக்கு இருந்தது, மருந்தாளுநருக்கும் இருந்தது. ரத்தத்தைப் பரிசோதிப்பவருக்கு நாடு தழுவிய கவுன்சில் இல்லை என்ற நிலையே இருந்தது. சில மாநிலங்கள் தாமாகவே துணை மருத்துவக் கவுன்சில்களை அமைத்துக்கொண்டன. ஆய்வக அறிக்கையில் யார் கையெழுத்திடலாம் என்ற வழக்கு குஜராத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நோய்க்குறியியலில் முதுநிலைத் தகுதி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்று நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது. அது அறிக்கையின் பொறுப்பைப் பற்றிய தீர்ப்பு. பரிசோதிப்பவரின் தகுதியைப் பற்றிய கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் உடல்நலத் தொழிலர் ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில் முதலாவதாக இடம்பெற்றிருப்பது மருத்துவ ஆய்வகத் துறைதான். இச்சட்டம் இரு நிலைகளை வகுக்கிறது: குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு உள்ள துணைநிலைப் பணியாளர், குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப் படிப்பு உள்ள உடல்நலத் தொழிலர். அமெரிக்காவின் டெக்னீசியன், சயன்டிஸ்ட் என்னும் இரு நிலைகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மத்தியில் ஆணையம், மாநிலங்களில் கவுன்சில், இரண்டு இடத்திலும் பதிவேடு என்பது சட்டத்தின் ஏற்பாடு; பதிவு இல்லாமலே பதிவு பெற்றவராகக் காட்டிக்கொள்வது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் காகிதத்திலிருந்து ஒவ்வொரு ஊரின் ஆய்வகத்துக்கும் இறங்கி வருவதற்குக் காலம் பிடிக்கிறது. இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் சேரும்போதே தங்கள் கல்லூரியின் படிப்பு இச்சட்டத்தின்கீழ் பதிவுக்குத் தகுதியுடையதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வெளிநாடு செல்ல விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் உங்கள் பட்டம் முதலில் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் செல்லும்; அங்கே பாடம் பாடமாக, மணி மணியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். மூன்றாண்டுப் பட்டத்தை நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக எல்லா மதிப்பீடுகளும் ஏற்பதில்லை. மருத்துவ ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தர நெறியான ஐ.எஸ்.ஓ. 15189-இன்படி தரச்சான்று பெற்ற ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆண்டுகள் சில வழிகளில் கணக்கில் சேரும் என்பதால், இங்கே முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த ஆய்வகத்துக்கு, இந்தியாவில் அந்தத் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் அமைப்பான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியை விட்டு வெளியேறும் முன், பல்கலைக்கழகம் வெளியிட்ட பாடத்திட்டத்தின் முத்திரையிட்ட நகலை வாங்குங்கள். பத்தாண்டு கழித்துக் கேட்டால் அந்தப் பழைய பாடத்திட்டத்தைத் தேடி எடுத்துத் தர ஆள் இருக்காது. பயிற்சிக் காலத்தில் ரத்தவியலில் எத்தனை வாரம், ரத்த வங்கியில் எத்தனை வாரம், நுண்ணுயிரியலில் எத்தனை வாரம் என்று ஒரு நோட்டில் நாள்வாரியாக எழுதி, ஒவ்வொரு பகுதி முடியும்போதும் அங்கே கற்பித்தவரிடம் பெயர், பதவி, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.